கட்டைவிரல் நிற்கும் இடம்

"எல்லாந்தான் செஞ்சு பாத்துட்டனுங்க மேடம். ஒருத்தரும் பாக்க மாட்டேங்கறாங்க. எங்க தப்பு?"

கேட்டவர் தண்டபாணி. வயது ஐம்பத்து மூன்று. ஆவாரம்பாளையத்தில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருப்பவர்.

கேட்கப்பட்டவள் பர்வீன். வயது முப்பது. அதே தெருவில், பேக்கரிக்கு மேலே ஒற்றை அறை. செல்போனில் விளம்பர வீடியோ எடுப்பது எப்படி என்று கடைக்காரர்களுக்கும் பட்டறைக்காரர்களுக்கும் சொல்லிக்கொடுப்பவள்.

இந்தக் கதையில் குரு அவள். சிஷ்யர் இவர். மாற்றி நினைத்துக்கொண்டு படித்தால் நான் பொறுப்பில்லை.

தண்டபாணி சும்மா வரவில்லை. கையில் போன். போனில் வீடியோ. வீடியோவில் அவருடைய உயிர்.

உயிர் என்றால் ஒரு மெஷின்.

கோயம்புத்தூர்ப் பக்கம் வீட்டுக்கு மாப்பிள்ளை வந்தால் சந்தகை பிழிய வேண்டும். அரிசி மாவை ஆவியில் வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் அச்சில் போட்டுத் திருகி, நூல்நூலாக இறக்க வேண்டும். சாப்பிடுகிறவர்களுக்குச் சொர்க்கம். பிழிகிறவர்களுக்கு நேர் எதிர். மூன்று காலில் நிற்கும் அந்த இரும்பு அச்சை ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் பல்லைக் கடித்துக்கொண்டு திருக வேண்டும்.

தண்டபாணியின் மனைவி கோகிலாவுக்கு, திருகித் திருகியே மணிக்கட்டு போய்விட்டது.

தண்டபாணி ஒரு மெஷின் செய்தார். நீளமான கைப்பிடி. ஒரு கையால் இழுத்தால் போதும், சந்தகை இறங்கிவிடும். அதை நம்பிப் பம்பு கம்பெனி வேலையையும் விட்டார்.

மெஷின்கள் பட்டறையில் அடுக்கிக் கிடந்தன. வாங்கத்தான் ஆளில்லை.

பழைய மேனேஜர் நல்ல மனுஷன். "உன் வேலை இன்னும் காலியாத்தான் இருக்குது. திங்கக்கிழமை காலைல போன் பண்றேன். வர்றியா இல்லியா, ஒரே வார்த்தை சொல்லிடு" என்றிருந்தார்.

வருகிறேன் என்றால் பட்டறைக்குப் பூட்டு.

இன்று வியாழக்கிழமை.

பர்வீன் வீடியோவைத் தட்டினாள்.

வெள்ளை வேட்டி சட்டையில் தண்டபாணி நின்றார். முன்னால் ஒரு மேசை. மேசை மேல், பொன்னாடை போர்த்திய ஏதோ ஒன்று.

"அனைவருக்கும் என் பணிவான வணக்கங்கள். இந்த இனிய வேளையிலே, என்னை ஆளாக்கிய பெற்றோருக்கும், எனக்குத் தொழில் கற்றுத் தந்த ஆசானுக்கும், இந்த வீடியோவை எடுத்து உதவும் என் மைத்துனர் அவர்களுக்கும்..."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஆவாரம்பாளையத்தில் சிறுதொழில் சங்க விழாவோ, கோயில் விசேஷமோ, தண்டபாணி வரவேற்புரை சொல்லாமல் எதுவும் ஆரம்பிக்காது. ஒரு பெயர் விட்டுப்போகாது. பெயர் விட்டுப்போன ஒருவர் சாப்பிடாமலே எழுந்து போனதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

பர்வீன் கட்டைவிரலை வைத்து மேலே ஒரு தள்ளு தள்ளினாள்.

தண்டபாணி காணாமல் போனார். அவர் இருந்த இடத்தில் ஒரு நாய்க்குட்டி வந்தது.

"மேடம், இன்னும் மெஷினே வரலைங்க!"

"எப்ப வரும்?"

"சிறப்பு விருந்தினர் பொன்னாடைய எடுத்ததும் வருமுங்க. மூணாவது நிமிசம்."

பர்வீன் எழுந்தாள்.

"டீ சாப்பிடலாம் வாங்கண்ணா. கீழ வந்தா பேசக் கூடாது. யாரு மூஞ்சியையும் பாக்கக் கூடாது."

"அப்புறம் எதைங்க பாக்கறது?"

அவள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

பேக்கரியில் கூட்டம். எல்லார் கையிலும் டீ. எல்லாருடைய இன்னொரு கையிலும் போன்.

தண்டபாணி விரல்களைப் பார்த்தார்.

தள்ளு. தள்ளு. தள்ளு. ஒரு விரல் அரைநொடி தயங்கியது, பிறகு அதுவும் தள்ளியது. தங்க நகை போட்ட பெண்ணைத் தள்ளியது. கோட்டு போட்டவரைத் தள்ளியது. யாரோ ஒருவர் கைகூப்பினார். கூப்பிய கை விரியும் முன்னே அவரையும் தள்ளியது.

 அந்த இடத்தில் தண்டபாணி தன் முகத்தைத்தான் பார்த்தார்.

திடீரென்று ஒரு விரல் நின்றது.

எட்டிப் பார்த்தார். யாரோ பலாப்பழம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். கத்தி பாதி இறங்கியிருந்தது.

இன்னொரு விரல் நின்றது. ஒரு சந்துக்குள் லாரி பின்னால் போய்க்கொண்டிருந்தது. இடிக்குமா இடிக்காதா?

அந்த ஆள் டீயைக்கூட மறந்துவிட்டார். ஆடை படிந்துவிட்டது.

"மேடம்!"

"பேசக் கூடாதுன்னேன்."

"பொன்னாடை!"

தண்டபாணி தன் டீயையும் அப்படியே வைத்துவிட்டு ஓடினார்.

வெள்ளிக்கிழமை மறுபடி வந்தார். முகமெல்லாம் பல்.

"பொன்னாடைய எடுத்துப்போட்டனுங்க. வணக்கத்தையும் எடுத்துப்போட்டேன். எடுத்த எடுப்புல மெஷின்தான்!"

ஓடவிட்டார்.

"இது முந்நூத்தி நாலு கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கைப்பிடி ஒரே கம்பி, வெல்டிங் கிடையாது. புஷ் பித்தளை. சிலிண்டருக்கும் பிஸ்டனுக்கும் நடுவுல உள்ள இடைவெளி..."

பர்வீன் கடைசி வரை பார்த்தாள். விரல் அசையவேயில்லை.

"முழுசாப் பாத்துட்டீங்க!" தண்டபாணி துள்ளினார்.

"நீங்க எதிர்லயே உக்காந்திருக்கீங்களேண்ணா. எப்படித் தள்ளறது?"

துள்ளல் அடங்கியது. பிறகு கோபம் வந்தது. நியாயமான கோபம்தான்.

"ஏனுங்க மேடம், முந்நூத்தி நாலு கிரேடுன்னா சும்மாங்களா? இதுல பாதி வேலைகூட இல்லாதத வாங்கறாங்க. இத வாங்க மாட்டேங்கறாங்க!"

"இத எதுக்குச் செஞ்சீங்க?"

"சந்தகை புழியத்தான்."

"அதில்லண்ணா. எதுக்குச் செஞ்சீங்க?"

தண்டபாணி போனைக் கீழே வைத்தார். ஜன்னல் வழியே எதிர்ப் பட்டறையில் ஏதோ கடைசல் ஓடும் சத்தம் வந்தது.

"கோகிலாவோட அக்கா மகளப் பொண்ணு பாக்க வந்தாங்க. எங்க வூட்லதான் விருந்து. அத்தன பேருக்கும் இவதான் புழிஞ்சா. புழிஞ்சு முடிக்கறப்ப கை வீங்கிப் போச்சு. சோத்துக் கையால கரண்டியத் தூக்க முடியல."

"அப்புறம்?"

"இடது கைல பரிமாறுனா."

பர்வீன் நிமிர்ந்தாள்.

"மாப்பிள்ளயோட அம்மா பாத்தாங்க. இலைய மூடிட்டாங்க. அவ்வளவுதான். கோகிலா உள்ள போயி, கைய சேலைத்தலைப்புல சுத்திக்கிட்டு, செவுத்தப் பாத்து உக்காந்துட்டா. நான் போயி கூப்பிட்டேன், திரும்பவே இல்ல. அன்னிக்கு லேத்துல போயி நின்னவந்தானுங்க நானு. செஞ்சா இவ கைக்கு ஒண்ணு செய்யணும், இல்லீன்னா எனக்கு என்னத்துக்கு லேத்து?"

சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தார். வேர்வை என்று சொல்லிக்கொண்டார்.

பர்வீனுக்கும் கண் கலங்கியிருந்தது. ஆனால் கேட்டது இதைத்தான்.

"இத எதுக்குண்ணா எங்கிட்டச் சொல்றீங்க?"

தண்டபாணி அவளைப் பார்த்தார். போனைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார்.

அடுத்த நொடி மாடிப்படி தடதடத்தது.

பர்வீன் வாசலுக்கு வந்து பார்த்தாள். இரண்டு செருப்பும் அங்கேயே கிடந்தன. மனுஷன் வெறுங்காலோடு ஓடியிருந்தார்.

சனிக்கிழமை சாயங்காலம், அதே மனுஷன் அதே படியில் ஒவ்வொன்றாக ஏறி வந்தார்.

"மாவு ஆறிப்போச்சுங்க மேடம்."

"என்னண்ணா ஆச்சு?"

ஆனதையெல்லாம் சொன்னார். அவர் சொன்னால் வரவேற்புரை மாதிரி நீளும். நானே சொல்லிவிடுகிறேன்.

காலையிலேயே வாடகைக்கு இரண்டு லைட் வந்தது. கோகிலாவுக்குப் பட்டுச் சேலை, தலை நிறைய மல்லிகை. மாவு வெந்து ஆவி பறந்தது. எல்லாம் தயார். மைத்துனர் மட்டும் வரவில்லை. பெரிய கேமரா அவரிடம்தான் இருந்தது.

"மாவு ஆறுதுங்க" என்றாள் கோகிலா.

"இரு, கேமரா வரட்டும்."

கேமரா வந்தது. தண்டபாணி சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார். ராகு காலம்.

"மாவு ஆறுதுங்க."

"இரு, இது முடியட்டும். நீ வர்ற முதல் வீடியோ."

முடிந்தது. லைட் எரிந்தது. கோகிலா சிரித்தபடி கைப்பிடியை இழுத்தாள். வரவில்லை. ஆறின மாவு எந்த மெஷினிலும் இறங்காது. தண்டபாணி ஓடிப்போய் அவரும் சேர்ந்து தொங்கினார். மேசை சாய்ந்தது. லைட் ஒன்று விழுந்தது.

மைத்துனரின் கேமராவில் அது மட்டும் அருமையாகப் பதிவாகியிருந்தது.

கோகிலா மல்லிகையை எடுத்து மேசை மேல் வைத்துவிட்டு, "இனிமே என்னக் கூப்பிடாதீங்க" என்று உள்ளே போய்விட்டாள்.

"இதாங்க நடந்துச்சு" என்றார் தண்டபாணி. "திங்கக்கிழமை மேனேஜர் கூப்பிடுவாரு. வர்றேன்னு சொல்லிடறேன். நமக்கு இது ஆகாதுங்க."

 பர்வீன் தன் போனை எடுத்தாள். தான் வீடியோ போடும் பக்கத்தைத் திறந்தாள். கீழே தள்ளினாள்.

தள்ளினாள், தள்ளினாள், தள்ளிக்கொண்டே இருந்தாள். பரோட்டாக் கடை போனது. மிக்சி ரிப்பேர் போனது. மாவு மில், பூக்கடை, சைக்கிள் கடை எல்லாம் போயின. விரல் வலித்துக் கையை மாற்றிக்கொண்டாள்.

கடைசியில் ஒரு வீடியோ வந்தது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

நீட்டினாள்.

ஒரு பெண்ணின் பாதி முகம். மீதிப் பாதி வெளியே. என்ன பேசுகிறாள் என்றே கேட்கவில்லை. அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் குக்கர் விசில் அடித்தது.

தண்டபாணி தன் கவலையை மறந்து சிரித்துவிட்டார்.

"யாருங்க இது?"

பர்வீன் தன்னையே காட்டினாள்.

"அய்யோ! இத ஏனுங்க இன்னும் அழிக்காம வெச்சிருக்கீங்க?"

"இதப் பாத்துத்தான் கீழ பேக்கரிக்காரம்மா முதமுதல்ல எங்கிட்டப் பேசுனாங்க. அவங்கதான் என் முதல் கஸ்டமர்."

"இது புடிச்சுப் போச்சுங்களா அவங்களுக்கு?"

"இல்லண்ணா. குக்கர்ல என்னன்னு கேட்டாங்க."

தண்டபாணி யோசித்தார். நாளைக்கு ஒரு நாள் பாக்கி இருக்கிறதே என்று தோன்றியது. ஆசை லேசாகத் தலையைத் தூக்கியது.

"மேடம், நாளைக்கு நல்ல நேரம் எப்பங்க?"

"மாவு எப்ப வேகும்?" என்று கேட்டாள் பர்வீன்.

அவருக்குப் புரியவில்லை. நேற்று விட்டுப்போன செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் விருந்தாளிகள் வந்தார்கள். கோகிலாவின் அக்கா, அக்கா மகள், அவளைக் கட்டிய புது மாப்பிள்ளை. கூடவே மாப்பிள்ளையின் அம்மா.

அதே அம்மாதான்.

 கோகிலா நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.

மாவு வெந்தபோது மணி நாலே முக்கால். லைட் இல்லை. மைத்துனர் ஊரிலேயே இல்லை. தேங்காய் துருவிக் கொடுத்துக்கொண்டிருந்த தண்டபாணி தற்செயலாகத் தலையை உயர்த்தினார்.

கோகிலா ஒரு கையால் கைப்பிடியை இழுத்துக்கொண்டிருந்தாள். இன்னொரு கையால் தேங்காய்ப் பாலைக் கிண்டினாள். அக்காவோடு கதை பேசினாள். ஆவிக்கு நடுவே சந்தகை வெள்ளை வெளேரென்று இறங்கியது, இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது. மாப்பிள்ளை சமையலறை வாசலில் நின்று, தண்ணீர் கேட்க வந்ததையே மறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

மாப்பிள்ளையின் கட்டைவிரல் போன் மேலேயே நின்றுபோயிருந்தது.

தண்டபாணி தேங்காய் மூடியைக் கீழே வைத்தார்.

பாக்கெட்டில் போன் இருந்தது. கண்ணாடி கீறல் விட்ட போன். காலண்டரும் கண்ணில் பட்டது. ஞாயிறு, நாலரை முதல் ஆறு, ராகு காலம்.

"மாவு ஆறுது, தட்ட நீட்டுங்க!" என்றாள் கோகிலா.

தண்டபாணி போனை எடுத்தார்.

கை தானாகத் தூக்கியது. வாயும் தானாகத் திறந்தது. 'அனைவருக்கும்' என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. முப்பது வருஷப் பழக்கம், சும்மா போகுமா? வேறு வழி தெரியாமல், துருவிய தேங்காயை ஒரு பிடி அள்ளி வாய்க்குள் அடைத்துக்கொண்டார்.

கோகிலா திரும்பினாள். கைப்பிடியை விடவில்லை.

"என்னத்தப் புடிச்சுட்டு நிக்கறீங்க? தேங்காயப் பூரா தின்னுபோட்டீங்கன்னா பாலுக்கு நான் எங்க போறது?"

சந்தகை இறங்கிக்கொண்டே இருந்தது.

போன் தட்டைத் தொடர்ந்து போனது. கூடம் வரைக்கும் போனது. அங்கே கோகிலா, மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முன்னால் குனிந்து, வலது கையால் பரிமாறினாள்.

அந்த அம்மா நிமிர்ந்து கோகிலாவைப் பார்த்தார். பிறகு கையைப் பார்த்தார்.

"இன்னுங் கொஞ்சம் வை சாமி" என்றார்.

தண்டபாணிக்கு அதற்கு மேல் போனைப் பிடிக்க முடியவில்லை.

எல்லாரும் சாப்பிட்டு முடித்ததும் போனை மனைவியிடம் கொடுத்தார். அவர் வீடியோவைப் பார்க்கவில்லை. கோகிலாவின் கட்டைவிரலைப் பார்த்தார்.

"அய்ய, நைட்டியோடயா!" என்றாள்.

விரல் நகரவில்லை.

முடிந்தது. மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். மாப்பிள்ளையின் அம்மா நிமிரும் இடம் வந்ததும் மூச்சை நிறுத்திக்கொண்டாள்.

"துண்டு போட்டுத்தான இருக்கேன்" என்றாள் மெதுவாக. "போடுங்க."

"ராகு காலம் இன்னும் முடியல."

கோகிலா அவரை ஒரு பார்வை பார்த்தாள். தானே அமுக்கிவிட்டாள்.

திங்கட்கிழமை பர்வீன் வந்து அறையைத் திறக்கும்போது, தண்டபாணி படியில் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தார் என்று சொல்வது தப்பு. எழுந்தார், உட்கார்ந்தார், எழுந்தார்.

"மேடம்! மேடம்! எங்க எங்கயோ இருந்தெல்லாம் பாக்கறாங்க மேடம்! கோகிலா தூங்கவே இல்லைங்க. ஒவ்வொண்ணாப் படிக்கறா, சிரிக்கறா, என்னப் போட்டு எழுப்பறா!"

பர்வீன் வாங்கிப் படித்தாள்.

அண்ணன் பாவம், தேங்காய் சாப்பிடட்டும் விடுங்கக்கா.

எங்கம்மாவுக்கும் மணிக்கட்டு வலி. இது எங்கே கிடைக்கும்?

அந்தப் பெரியம்மா இன்னும் கொஞ்சம் கேட்டாங்க பாருங்க, எனக்கு ஏன் அழுகை வருது?

மெஷின் எங்கே கிடைக்கும்?

யாராவது சொல்லுங்க, எங்கே கிடைக்கும்?

படிக்கப் படிக்க அவளும் துள்ள ஆரம்பித்துவிட்டாள். குரு துள்ளக் கூடாது என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

பிறகு நிறுத்தினாள்.

"அண்ணா, உங்க நம்பர் எங்க?"

தண்டபாணியின் முகம் வெளிறியது. முதல் வீடியோவில் நம்பரை மூன்று தடவை சொன்னவர் அவர். இதில் ஒரு தடவைகூட இல்லை.

தலையில் அடித்துக்கொள்ளக் கையைத் தூக்கினார். போன் அடித்தது.

மேனேஜர்.

தண்டபாணி எழுந்து, மேடையில் நிற்பதுபோல நேராக நின்றார். அவசரத்தில் எங்கேயோ அமுக்கியதில் ஸ்பீக்கர் ஆனாகிவிட்டது.

"சார், வணக்கமுங்க..."

"வணக்கமெல்லாம் கிடக்கட்டும். ஏப்பா, நம்பர் போடாம வீடியோ போடுவியா நீ? எங்க சொந்தத்துல உன் நம்பரு தெரிஞ்சது என் வூட்டுக்காரிக்கு ஒருத்திக்குத்தான். காலைல இருந்து போன் பண்ணிக் கேக்கறவங்களுக்கெல்லாம் அவதான் குடுத்துட்டு இருக்கறா. எனக்கு இன்னும் காப்பி வரல."

"சார்... அந்த வேலைங்க..."

"வர்றேன்னு மட்டும் சொல்லித் தொலைச்சுடாத. அப்புறம் மெஷின எவன் செய்வான்? இரு, அவ ஒண்ணு கேக்கச் சொல்றா." அந்தப் பக்கம் ஏதோ பேச்சுக் கேட்டது. "அதுல முறுக்கு வருமான்னு கேக்கறா."

முறுக்கு! வராமலா? அச்சுத் தட்டை மாற்றினால் போதும். அந்தத் தட்டையும் அவரே கடைந்து வைத்திருந்தார். எந்த அளவு ஓட்டை, எந்தக் கிரேடு, எத்தனை சுற்று, எல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றது.

தண்டபாணி மூச்சை இழுத்து நெஞ்சை நிமிர்த்தினார். வாயைத் திறந்தார்.

பர்வீன் போனைக் கையால் மூடினாள்.

"வாயில சொல்லாதீங்கண்ணா. பிழிஞ்சு காட்டுங்க."